நாய் ரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தம்: ரீடிங் தப்பாக வந்தால் எங்கே தேடுவது

உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்களின் ரத்தம் வாரத்தில் மூன்று நாளாவது எங்கள் மேசைக்கு வரும். ஆக்சிஜனேற்றம் உடம்பை எவ்வளவு கெடுக்கிறது, உடம்பு அதை எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க எம்.டி.ஏ. (கொழுப்பு கெட்டதன் எச்சமான மலோன்டைஆல்டிஹைடு), குளுடதயோன் (அணுவைக் காக்கும் பொருள்), எஸ்.ஓ.டி., கேட்டலேஸ் (காக்கும் நொதிகள் இரண்டு), மொத்த ஆன்டி ஆக்சிடன்ட் திறன் என்று ஐந்து அளவுகள் எடுக்கிறோம். இந்த ஐந்துமே சட்டென்று கெட்டுப்போகக்கூடியவை. சர்க்கரை, கிரியேட்டினின் போலப் பொறுமையாகக் காத்திருக்காது. ஆரம்பத்தில் ரீடிங் தாறுமாறாக வந்தால் கிட்டைத்தான் சந்தேகப்படுவேன். புது கிட் வாங்கிப் போட்டும் அதே எண் வரும். பல வருடம் திரும்பத் திரும்பத் துருவிப் பார்த்ததில் ஒன்று தெளிவானது: பெரும்பாலான தப்பு மிஷினுக்கு வருவதற்கு முன்பே, ஊசிக்கும் ஃப்ரீசருக்கும் நடுவில் நடந்து முடிந்துவிடுகிறது.

அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் காசு கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அதே வரிசையில் போங்கள். நடுவில் தாவினால் ஒரு நாயை வீணாக இரண்டாவது தடவை குத்த வேண்டிவரும்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்

குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மூடி என்ன நிறம்? பிளாஸ்மா வைக்கோல் நிறமா, இளஞ்சிவப்பா, மஞ்சளா, பால் போலவா? ரத்தம் எடுத்த நேரமும் சென்ட்ரிஃபியூஜில் போட்ட நேரமும் எழுதியிருக்கிறதா? நாயின் இனம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், கொடுத்த மருந்து, மயக்க ஊசி போட்டார்களா என்ற நான்கும் படிவத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் மிஷினைத் தொடுவதற்கு முன் மருத்துவமனைக்கு ஒரு போன் போடுங்கள். எனக்குப் பாதிக்குமேல் புதிர் அந்தப் போனிலேயே தீர்ந்திருக்கிறது.

## அறிகுறி 1: எம்.டி.ஏ. எக்கச்சக்கமாக ஏறி நிற்கிறது

தையோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்து, 95 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி, 532 நானோமீட்டரில் படிக்கும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன். மலிவானது, எல்லோரும் செய்வது, எளிதில் ஏமாற்றுவதும் அதுதான்.

பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருக்கிறதா?

இருந்தால் அங்கேயே நில்லுங்கள். சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் கலந்திருக்கிறது. அதன் இரும்பு, சூடாக்கும் நேரத்திலேயே கொழுப்பைக் கெடுத்துப் புதிதாக எம்.டி.ஏ. உண்டாக்கும். போதாததற்கு ஹீமோகுளோபினின் சொந்த நிறமும் 541-இல் முகடு காட்டுவதால் 532 ரீடிங்கோடு ஒட்டிக்கொள்ளும். நாயின் உடம்பில் இல்லாத ஒன்றை நம் சோதனைக்குழாயே தயாரித்துக் கொடுத்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உண்ணி பரப்பும் பபேசியா ஒட்டுண்ணி வந்த நாய்க்கு உடம்புக்குள்ளேயே சிவப்பணு உடையும். அது நோய். ஊசியால் உடைந்தது நம் தவறு. இரண்டையும் பிரிக்க நான் செய்வது இதுதான். அதே நாயின் இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒன்று தெளிவாகவும் மற்றது சிவப்பாகவும் இருந்தால் எடுத்த விதத்தில்தான் தப்பு. இரண்டும் ஒரே அளவு சிவந்து, சிறுநீரும் காபி நிறம் என்று டாக்டர் சொன்னால் அது நோய். அப்போது எண்ணை எழுதி, பக்கத்தில் ‘ரத்தம் உடைந்த சாம்பிள், எம்.டி.ஏ. நம்பத்தக்கதல்ல’ என்று தெளிவாகக் குறிக்கிறேன். அந்த எண்ணை ஆய்வுக் கட்டுரை அட்டவணையில் சேர்க்க விடமாட்டேன்.

எடுக்கும் விதத்தைச் சரிசெய்யக் காசு தேவையில்லை. முன்னங்காலின் மெல்லிய நரம்பை விட்டுவிட்டுக் கழுத்து நரம்பில் எடுக்கச் சொல்லுங்கள். 21 அல்லது 22 கேஜ் ஊசி போதும். பொமரேனியன், பக் போன்ற சின்ன நாய் என்றாலும் மிக மெல்லிய ஊசியால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. தோலில் தடவிய ஸ்பிரிட் காயும் வரை காத்திருக்க வேண்டும். இழுத்து முடித்ததும் சிரிஞ்சிலிருந்து ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் ஓரச் சுவரில் மெதுவாக வழியவிட வேண்டும். ஊசியோடு ரப்பர் மூடியில் குத்திப் பிஸ்டனை அழுத்துகிறார்களே, அந்த ஒரு செயல்தான் என் மேசைக்கு வந்த சிவப்புக் குழாய்களில் முக்கால்வாசிக்குக் காரணம். பிறகு எட்டுப் பத்து தடவை தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுக்கலாம், குலுக்கக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைக்கும்போது குழாய் ஐஸ்கட்டியை நேரடியாகத் தொடாமல் நடுவில் ஒரு துணி இருக்கட்டும். ஓரத்தில் உறைந்தாலும் அணு உடையும்.

பிளாஸ்மா பால் போல இருக்கிறதா?

சாப்பிட்ட நாய். உரிமையாளர் ‘ஒண்ணும் கொடுக்கல’ என்றுதான் சொல்வார். காலையில் அரை டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் அவர் கணக்கில் சாப்பாடு இல்லை. தண்ணீர் மட்டும் கொடுத்து 12 மணி நேரம் பட்டினி போட்டு மறுபடி எடுக்க வேண்டியதுதான். மினியேச்சர் ஷ்னாசர் என்றால் பட்டினியிலும் பால் நிறம் போகாமல் இருக்கலாம். அந்த இனத்துக்கு ரத்தக் கொழுப்பு பிறவியிலேயே ஏறி நிற்பது உண்டு. அதை டாக்டரிடம் சொல்லுங்கள், அது தனிப் பிரச்சினை.

குழாய் தெளிவு, ஆனாலும் எண் பெரியது

நேரத்தைப் பாருங்கள். எடுத்ததற்கும் பிளாஸ்மா பிரித்ததற்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால், அதுவும் பைக் பெட்டியில் வெயிலில் வந்திருந்தால், வேறு காரணம் தேட வேண்டாம். மைனஸ் 20-இல் மாதக்கணக்கில் கிடந்த சாம்பிளிலும் எம்.டி.ஏ. ஏறிக்கொண்டே போகும். மைனஸ் 80 வேண்டும். பனிக்கட்டி சேராத வகை வீட்டு ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். பனியை உருக்குவதற்காக அது தானாகச் சூடேறி இறங்கும், உங்கள் சாம்பிளும் கூடவே இளகி உறையும்.

நேரமும் சரி என்றால் ரியேஜென்ட்டில் பி.எச்.டி. என்ற பியூட்டிலேட்டட் ஹைட்ராக்ஸிடொலுயீன் சேர்த்தீர்களா என்று பாருங்கள். அது இல்லாமல் சூடாக்கினால், சூடாக்குவதே ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும். ஒரே சாம்பிளை பி.எச்.டி. போட்டும் போடாமலும் ஓட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் அதுதான் காரணம்.

அதுவும் சரியா? அப்படியானால் 532-இல் மட்டும் படிக்காமல் 400 முதல் 600 வரை ஒரு ஸ்கேன் ஓட்டுங்கள். 532-இல் கூரான ஒற்றை முகடு வந்தால் அது எம்.டி.ஏ. 450 பக்கம் மேடாக எழும்பி அதன் சரிவில் 532 உட்கார்ந்திருந்தால் மஞ்சள் நிறப் பொருட்கள், அதாவது பிலிருபினும் சர்க்கரைகளும் சேர்ந்து விளையாடுகின்றன. பியூட்டனாலில் பிரித்தெடுத்து மேல் அடுக்கைப் படித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால், பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. மிஷின் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். செலவு கூடும் என்பதால் முப்பது சாம்பிளையும் அனுப்ப வேண்டாம். அதிகம், நடுத்தரம், குறைவு என்று ஆறு சாம்பிள் பொறுக்கி அனுப்பி, இரண்டு முறையும் ஒரே வரிசையில் போகிறதா என்று பாருங்கள்.

ஒரே ஒரு நாய்க்கு மட்டும் அதிகம், மற்றவை சரி

இரட்டையாக மறுபடி ஓட்டுங்கள். அதே எண் வந்தால் நாய் சொல்வதை நம்புங்கள், டாக்டருக்குச் சொல்லுங்கள்.

## அறிகுறி 2: மொத்த ஆன்டி ஆக்சிடன்ட் திறன் கிட்டத்தட்ட பூஜ்யம்

ஒரு நாள் பதினான்கு சாம்பிளும் வரிசையாகத் தரைதட்டின. மொத்தத் திறனை அளக்கும் எஃப்.ஆர்.ஏ.பி. முறையின் ரியேஜென்ட் நீலமாகவே மாறவில்லை. மூன்று தடவை ரியேஜென்ட் புதிதாகக் கலக்கினேன். சாயங்காலம் ரத்தம் எடுத்துவந்த பயிற்சி மாணவி, "அக்கா, பச்சை மூடி தீர்ந்துபோச்சு, அதான் ஊதாவுல எடுத்தேன்" என்றாள்.

ஊதா மூடிக்குள் இருப்பது ஈ.டி.டி.ஏ. அது இரும்பைப் பிடித்துக்கொள்ளும். எஃப்.ஆர்.ஏ.பி. முழுவதும் இரும்பை நம்பி நடப்பது. ரத்தத்தில் ஆக்சிஜனேற்றப் பொருட்களை அளக்கும் டி-ரோம்ஸ் சோதனையும் அப்படித்தான். பாராக்ஸோனேஸ் என்ற பி.ஓ.என்.-1 நொதி கால்சியம் இல்லாமல் வேலையே செய்யாது, ஈ.டி.டி.ஏ. அந்தக் கால்சியத்தையும் எடுத்துக்கொள்ளும். அதனால் இந்த மூன்றுக்கும் சீரம் அல்லது ஹெபரின் பிளாஸ்மா. சிவப்பு மூடி, பச்சை மூடி. எங்கள் ரத்தம் எடுக்கும் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் இதை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

குழாய் சரியாக இருந்தும் குறைவு என்றால்:

ரியேஜென்ட்டின் வயதைப் பாருங்கள். எஃப்.ஆர்.ஏ.பி.-க்கு அசிட்டேட் பஃபர், டி.பி.டி.இசட்., ஃபெர்ரிக் குளோரைடு மூன்றையும் 10:1:1 என்று அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். பஃபர் பி.எச். 3.6. மொத்தத் திறனை அளக்கும் இன்னொரு முறையான ஏ.பி.டி.எஸ். என்றால் பெர்சல்ஃபேட் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் இருட்டில் வைத்து, 734-இல் 0.70 வரும்படி நீர்த்த பிறகுதான் சாம்பிள் போட வேண்டும். 0.40-இல் தொடங்கினால் வரும் எண்ணை நம்ப முடியாது.

இனி, குறைவு என்று நீங்கள் நினைப்பது எதை வைத்து? கிட் புத்தகத்தில் உள்ள அளவு மனிதருக்கானது என்றால் அதை மூடிவைத்துவிடுங்கள். மனித பிளாஸ்மாவின் எஃப்.ஆர்.ஏ.பி. மதிப்பில் பாதிக்குமேல் யூரிக் அமிலம் தருவது. நாயின் கல்லீரலில் யூரிக்கேஸ் வேலை செய்வதால் யூரிக் அமிலம் அலன்டாயினாக மாறிவிடும். ரத்தத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவு. அதனால் ஆரோக்கியமான நாய்க்கும் மனிதரைவிடக் குறைவான எண்தான் வரும். உங்கள் ஊரில், உங்கள் முறையில், நல்ல நாய்கள் குறைந்தது இருபதின் ரத்தத்தை ஓட்டி உங்களுக்கென்று ஓர் அளவு வைத்துக்கொள்ளாமல் ‘குறைவு’ என்ற சொல்லை அறிக்கையில் எழுதாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். தேவையே இல்லாமல் வைட்டமின் மாத்திரை விழுங்கிய நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 3: சாகக் கிடக்கும் நாய்க்கு மொத்தத் திறன் பிரமாதமாக இருக்கிறது

இது புதிதாக வருகிறவர்களை அதிகம் குழப்புவது.

பிளாஸ்மா மஞ்சளா என்று பாருங்கள். பிலிருபினும் ஓர் ஆன்டி ஆக்சிடன்ட்தான். மஞ்சள் காமாலையோடு வரும் பபேசியா நாய்க்கு எஃப்.ஆர்.ஏ.பி. ஏறியே தீரும். அது நாயின் பலம் இல்லை, சிவப்பணு உடைந்த கழிவு. பிலிருபினையும் அதே குழாயில் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். சிறுநீரகம் கெட்ட நாயில் வெளியேறாமல் தேங்கும் பொருட்களாலும் இப்படி ஏறலாம், கிரியேட்டினின் பார்த்தால் தெரிந்துவிடும்.

மயக்க ஊசி போட்ட பிறகு எடுத்த ரத்தமா? புரோபோஃபால் என்றால் இரண்டு விதத்தில் கெடும். அந்த மருந்தே ஃபீனால் வகை, தானாகவே ஆன்டி ஆக்சிடன்ட்டாக நடந்துகொள்ளும். மேலும் அது வருவது சோயா எண்ணெய்க் குழம்பில், பிளாஸ்மாவைக் கலங்கடிக்கும். மயக்கத்துக்கு முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இனம் என்ன? டால்மேஷியன் என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். எஸ்.எல்.சி.2ஏ9 என்ற மரபணுவில் உள்ள மாற்றத்தால் அந்த இனத்துக்கு யூரிக் அமிலம் கல்லீரல் அணுக்குள் சரியாகப் போகாது, ரத்தத்தில் மற்ற நாய்களைவிடக் கூடுதலாக நிற்கும். 2008-இல் இது கண்டறியப்பட்டது. எங்கள் ஆரோக்கியமான நாய்க் குழுவில் தெரியாமல் இரண்டு டால்மேஷியன் சேர்ந்துவிட்டன. சராசரி மேலே போய், நோயுற்ற நாய்கள் அனைத்தும் மோசமாகத் தெரிந்தன. அந்த இரண்டையும் எடுத்ததும் பாதி வித்தியாசம் காணாமல் போனது. அந்த நாளுக்குப் பிறகு இனம் எழுதாத படிவத்தை நான் வாங்குவதில்லை.

இத்தனையும் தாண்டி ஏறி நின்றால், ஒரே எண்ணை நம்பாமல் தையால் (கந்தகம் சேர்ந்த பொருட்கள்), வைட்டமின் ஈ போலத் தனித்தனியாக அளந்து பார்க்கலாம். எஃப்.ஆர்.ஏ.பி.-யில் குளுடதயோன் போன்ற தையால்கள் கணக்கிலேயே வராது என்பதை மறக்க வேண்டாம்.

## அறிகுறி 4: குளுடதயோன் காணவில்லை, அல்லது நம்பமுடியாத அளவு இருக்கிறது

காணவில்லை என்றால், கடிகாரத்தைப் பாருங்கள். ரத்தத்தில் குளுடதயோன் கிட்டத்தட்ட முழுவதும் சிவப்பணுவுக்குள் இருக்கிறது. அணுவை உடைத்த அடுத்த நிமிடமே அது ஆக்சிஜனேற்றம் ஆகத் தொடங்கும். உடைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. உடைத்த கையோடு மெட்டாபாஸ்பாரிக் அமிலத்தில் புரதத்தை வீழ்த்திவிட வேண்டும். அடுத்து, மஞ்சள் நிறம் தரும் எல்மன் ரியேஜென்ட் சேர்ப்பதற்கு முன் பி.எச். 8 பக்கம் வந்ததா என்று ஒரு தாளில் தொட்டுப் பாருங்கள். அமிலம் மிஞ்சியிருந்தால் மஞ்சள் நிறமே வராது, 412-இல் ஒன்றும் இருக்காது. பஃபர் வலுவைக் கூட்டினால் சரியாகிவிடும். இந்த ஒரு தாள் துண்டு ஒரு கிட் விலையை மிச்சம் பிடித்திருக்கிறது.

ஆக்சிஜனேற்றமான குளுடதயோனும் அளக்கிறீர்கள், அது எல்லா நாய்க்கும் அதிகம் என்றால், ரத்தம் எடுத்த அந்த நிமிடமே, குளுடதயோன் மேற்கொண்டு மாறாமல் தடுக்கும் என்-எத்தில்மேலிமைடு சேர்த்தீர்களா என்று கேளுங்கள். ஆய்வகத்துக்கு வந்தபின் சேர்ப்பது பயனில்லை. வழியிலேயே மாறிவிட்டதைத்தான் அளப்பீர்கள். பழைய சாம்பிளைக் காப்பாற்ற வழியில்லை, அடுத்த நாயிலிருந்து சரியாகச் செய்யுங்கள்.

மிக அதிகம் என்றால், முதலில் நீர்த்த கணக்கைச் சரிபாருங்கள். அடுத்து இனம். ஷிபா, அகிதா, ஜிண்டோ போன்ற ஜப்பான், கொரியா இன நாய்கள் சிலவற்றின் சிவப்பணுவில் பொட்டாசியம் மிகுந்திருக்கும். அவற்றில் ஒரு பகுதிக்குக் குளுடதயோனும் சாதாரண நாயைவிடப் பல மடங்கு இருக்கும். ‘அப்படியானால் இந்த நாய் பத்திரமானது’ என்று நினைத்துவிடாதீர்கள். இவைதான் வெங்காய நஞ்சுக்கு மற்ற நாய்களைவிட எளிதில் ஆளாகின்றன. இந்த நாயின் சிவப்பணு உடைந்தால் சீரத்தில் பொட்டாசியமும் பொய்யாக ஏறும். அதைக் கண்டு டாக்டர் பதறுவதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

அளவை எதால் வகுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பயந்த நாய்க்கு மண்ணீரல் சுருங்கிச் சிவப்பணுவை ரத்தத்தில் கொட்டும். மேசையில் மூன்று பேர் அழுத்திப் பிடித்த நாய்க்கும், உரிமையாளர் மடியில் படுத்தபடி கொடுத்த நாய்க்கும் மில்லிலிட்டர் கணக்கில் ஒப்பீடு நிற்காது. ஹீமோகுளோபின் ஒரு கிராமுக்கு இவ்வளவு என்றுதான் எழுத வேண்டும்.

## அறிகுறி 5: நொதி ரீடிங் இரட்டைக்கு இரட்டை ஒத்துப்போகவில்லை

கேட்டலேஸ்: ஆரம்பத்திலேயே ஓ.டி. (ஒளி உறிஞ்சும் அளவு) 3-க்கு மேல். பிளாஸ்டிக் குவெட் போட்டிருக்கிறீர்கள். 240 நானோமீட்டரில் பிளாஸ்டிக்கும் சாதாரணக் கண்ணாடியும் சுவர் மாதிரி. குவார்ட்ஸ் வேண்டும். விலை அதிகம்தான், ஒன்று வாங்கினால் பல வருடம் வரும்.

கேட்டலேஸ்: குமிழி வருகிறது, ரீடிங் துள்ளுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு அதிகம், அல்லது நொதி அதிகம். குவெட்டில் 10 மில்லிமோலார் இருந்தால் ஆரம்ப ஓ.டி. 0.44 பக்கம் வர வேண்டும். பாட்டிலில் 30 சதவீதம் என்று எழுதியிருப்பதை நம்பி நீர்க்க வேண்டாம், திறந்த பாட்டில் வலுவிழந்துகொண்டே இருக்கும். 240-இல் படித்துத்தான் கணக்கிட வேண்டும்.

கேட்டலேஸ்: அசைவே இல்லை. பஃபரில் கெடாமல் இருக்க யாராவது சோடியம் அசைடு போட்டிருப்பார்கள். அசைடு கேட்டலேஸைக் கொன்றுவிடும். குளுடதயோன் பெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதியின் சோதனையில் அதைத் தெரிந்தே சேர்க்கிறோம், அந்தப் பாட்டில் இடம் மாறி வந்திருக்கும். மிகவும் நீர்த்த ரத்தக் கரைசலை இரவு முழுவதும் வைத்திருந்தாலும் நொதி செத்துவிடும். அன்றே நீர்த்து அன்றே ஓட்டுங்கள்.

எஸ்.ஓ.டி.: பைரோகல்லால் முறையில் பிளாங்க்கே (சாம்பிள் சேர்க்காத கரைசல்) தினம் ஒரு வேகம். பிளாங்க் 420-இல் நிமிடத்துக்கு 0.02 பக்கம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பைரோகல்லால் பழுப்பாகிவிட்டதா பாருங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அன்றைக்கே கரைக்க வேண்டும். அதுவும் புதிது என்றால், அறையின் சூட்டைப் பாருங்கள். டிரிஸ் பஃபரின் பி.எச். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.03 அளவுக்கு இறங்கும். ஏ.சி. ஓடும்போது 25 டிகிரியில் 8.2 என்று வைத்த பஃபர், கரண்ட் போய் அறை 35 டிகிரி ஆனால் 7.9-க்கு வந்துவிடும். சித்திரை, வைகாசியில் எங்களை மாதக்கணக்கில் படுத்தியது இதுதான். இப்போது பஃபரைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, ஓட்டும் சூட்டிலேயே பி.எச். பார்க்கிறோம்.

சாம்பிள் தரும் தடுப்பு 30 முதல் 60 சதவீதத்துக்குள் விழ வேண்டும். 90 சதவீதம் தடுத்தால் அந்த எண் கணக்குக்கு ஆகாது, நீர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

எல்லா நொதியும் ஒரேயடியாக ஏறியிருக்கிறது, நாய்க்கோ ரத்தசோகை. ரெட்டிகுலோசைட் எண்ணிப் பாருங்கள். இளம் சிவப்பணுவில் இந்த நொதிகள் அதிகம். எலும்பு மஜ்ஜை மும்முரமாக வேலை செய்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. உணவில் கொடுத்த செலினியத்துக்கோ மாத்திரைக்கோ அந்தப் பெருமை போகக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. குளுடதயோன் பெராக்சிடேஸுக்குப் பயன்படுத்தும் டிராப்கின் கரைசலில் சயனைடு இருக்கிறது. குளுடதயோன் சோதனையின் கழிவில் அமிலம் இருக்கிறது. இரண்டையும் ஒரே வாளியில் கொட்டினால் நச்சு வாயு கிளம்பும். தனித்தனி கேன், தனித்தனி பெயர்ச்சீட்டு. தவறிக் கலந்துவிட்டால் மோந்து பார்க்காதீர்கள், சுத்தம் செய்யவும் குனியாதீர்கள். அறையைக் காலி செய்து கதவைச் சாத்திவிட்டு, உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரையும் தீயணைப்புத் துறையையும் அழையுங்கள்.

## அறிகுறி 6: போன மாத எண்ணும் இந்த மாத எண்ணும் மொத்தமாக நகர்ந்திருக்கின்றன

நாய்கள் எல்லாம் ஒரே நாளில் மாறாது. நகர்ந்தது நாம்தான்.

ஆரோக்கியமான சில நாய்களின் மிச்ச பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து, ஒரு தடவைக்கு ஒன்று என்று சின்னச் சின்னக் குழாயில் மைனஸ் 80-இல் வையுங்கள். ஒவ்வொரு நாளும் ஒன்றை எடுத்துச் சாம்பிளோடு ஓட்டுங்கள். அது அசையாமல் சாம்பிள் மட்டும் நகர்ந்தால் எடுப்பதில், கொண்டுவருவதில் தேடுங்கள். அதுவும் சேர்ந்து நகர்ந்தால் தேடல் மேசையில்.

மேசையில் தேடும் வரிசை: முதலில் தண்ணீர். டீஅயனைஸ்டு தண்ணீர் பில்டர் மாற்றி எவ்வளவு நாள்? இரும்பும் செம்பும் துளி இருந்தாலும் இந்தச் சோதனைகள் கெடும். அடுத்து பைப்பெட். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் 0.1 கிராம் நிறுக்க வேண்டும். பத்து தடவை தராசில் விட்டுப் பாருங்கள், இரண்டு சதவீதத்துக்கு மேல் விலகினால் பைப்பெட் சர்வீசுக்குப் போகட்டும். பிறகு ஸ்டாண்டர்டு. எம்.டி.ஏ. ஸ்டாண்டர்டான டெட்ராமெத்தாக்ஸிபுரொப்பேன் திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தால் புதிது வாங்குங்கள். கடைசியாக ஸ்பெக்ட்ரோ, அதாவது ஒளி உறிஞ்சலைப் படிக்கும் மிஷின். லிட்டருக்கு 60 மில்லிகிராம் பொட்டாசியம் டைகுரோமேட்டை மிக நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து 350-இல் படித்தால் 0.64 பக்கம் வர வேண்டும். வரவில்லை என்றால், அல்லது 240, 340 பக்கம் மட்டும் ரீடிங் நடுங்கினால், விளக்கின் ஆயுள் முடிந்திருக்கும். இங்கே நிறுத்திவிட்டு சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். ஸ்குரூவைக் கழற்றி ஒளிப்பாதையைத் தொட்டால் நூறு ரூபாய் வேலை பல ஆயிரம் ஆகிவிடும்.

ஃப்ரீசரையும் ஒரு கண் பாருங்கள். விடுமுறையில் கரண்ட் போய்த் திரும்ப வந்ததா என்று காட்டிக் கொடுக்க ஒரு சுலப வழி உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஃப்ரீசரில் விட்டுவிடுங்கள். திங்கட்கிழமை நாணயம் மேலேயே இருந்தால் சரி. பனிக்குள் புதைந்திருந்தால் நடுவில் உருகியிருக்கிறது, அந்த அடுக்கில் இருந்த சாம்பிளை எம்.டி.ஏ.-வுக்கும் குளுடதயோனுக்கும் பயன்படுத்த வேண்டாம்.

## அறிகுறி 7: ரத்தமே சாக்லேட் நிறத்தில் இருக்கிறது

ஆய்வை ஓரமாக வைத்துவிடுங்கள். வெள்ளை வடிதாளில் இந்த நாயின் ரத்தம் ஒரு துளி, பக்கத்தில் நல்ல நாயின் ரத்தம் ஒரு துளி விடுங்கள். காற்றுப்பட்டதும் நல்ல நாயின் துளி பளிச்சென்று சிவக்கும். இந்த நாயின் துளி சில நிமிடம் கழித்தும் பழுப்பாகவே இருந்தால் மெத்ஹீமோகுளோபின், அதாவது ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் கெட்ட ஹீமோகுளோபின். நியூ மெத்திலீன் புளூ சாயத்தில் ஒரு ஸ்லைடு போடுங்கள். சிவப்பணுவின் ஓரத்தில் கருநீலப் பொட்டு துருத்திக்கொண்டு நின்றால் ஹைன்ஸ் பாடி, கெட்ட ஹீமோகுளோபின் திரண்ட கட்டி.

உடனே டாக்டருக்குப் போன். வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கேட்கச் சொல்ல வேண்டியவை: வெங்காயம் சேர்ந்த குழம்பு, பிரியாணி மிச்சம் போட்டார்களா, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்தார்களா, அலமாரியில் இருந்த நாஃப்தலின் உருண்டையைக் கடித்ததா. தன் எடையில் 0.5 சதவீதம் வெங்காயம் போதும். 10 கிலோ நாய்க்கு அது 50 கிராம், நடுத்தர அளவுப் பெரிய வெங்காயத்தில் பாதி. சமைத்தாலும் நஞ்சு போகாது, சிவப்பணு உடைவது தெரியச் சில நாள் ஆகும் என்பதால் உரிமையாளருக்கு ‘அன்னைக்குப் போட்டதா காரணம்’ என்று தோன்றவே தோன்றாது. மூன்று நான்கு நாள் பின்னால் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

டாக்டர் வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது, மிச்சமிருக்கும் ரத்தத்தில் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம்) ஓட்டி எண்ணைத் தயாராக வைப்பது. ரத்தம் ஏற்ற வேண்டுமா என்று அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.